பிஸ்கட்டவேயில் வைத்த சீர்

1

போன ஞாயிற்றுக்கிழமை நியூ ஜெர்ஸியில் என் அக்காள் மகள் வித்யாவுக்குப் பட்டம் கொடுத்தார்கள். கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த ஆனர்ஸ் பட்டம். ஒன்றை முடிக்கவே பிள்ளைகள் திணறுகிற இடத்தில் இரண்டையும் படித்து இரண்டிலும் பேர் வாங்கியிருக்கிறாள். அவள் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு மேடை ஏறிய நேரத்தில், நான் டெக்சாஸில் காப்பெலுக்குப் பக்கத்து ஃப்ரீவே ஓர மோட்டலில், யாரோ வாந்தி எடுத்து வைத்த கம்பளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். அக்காள் வீடு அங்கே இருக்க, நீ ஏன் தனியாக டெக்சாஸில் கிடக்கிறாய்? குடியா, கைநீட்டினாயா என்று சிலர் நேராகவே கேட்கிறார்கள். ஒரு பெரியப்பா, "பெண் விவகாரம் ஏதாவது?" என்று நாகரிகமாகக் கேட்டிருந்தார். அப்படி ஒன்றும் இல்லை. ஒரு படிப்பினால் வெளியேறினேன். என்னுடைய படிப்பு அல்ல. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதச் சலிப்பாக இருப்பதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

2

நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். பிறகு நாமக்கல்லில் லாரி ஆபீஸ், பம்பாயில் கேன்டீன், மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்குக்குக் கையாள், கடைசியாக ஒரு சரக்குக் கப்பலில் சமையல்கட்டு. எந்த இடமும் இரண்டு வருடத்துக்கு மேல் தாங்கியதில்லை. கப்பல் நியூ ஜெர்ஸி துறைமுகத்தில் நின்றபோது, டெலிபோன் கார்டு வாங்கி வருகிறேன் என்று சொல்லி இறங்கினேன். வாங்கினேன். அக்காளோடு பேசினேன். கப்பலுக்குத் திரும்பவில்லை.

அக்காள் வீடு பிஸ்கட்டவேயில். பேஸ்மென்ட்டில் கொதிகலனுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கொடுத்தார்கள். நியூ ஜெர்ஸியில் காருக்கு அவரவர் பெட்ரோல் போட்டுக்கொள்ளக்கூடாது என்று சட்டம். என்னைப் போன்றவர்களுக்காகவே போட்ட சட்டம் என்று நினைக்கிறேன். ஒரு பஞ்சாபிக்காரரின் பெட்ரோல் பங்கில் வேலை கிடைத்தது. குளிர்காலத்தில் பம்பின் இரும்பில் கை ஒட்டிக்கொள்ளும். பிடுங்கினால் தோல் கொஞ்சம் வரும். அவ்வளவுதான், பழகிவிடும்.

மச்சான் சந்திரசேகரன் ஈரோட்டுக்காரர். பி.எஸ்ஸி. கணிதத்தில் தங்கப் பதக்கம். அந்தப் பதக்கத்தை வைத்துக்கொண்டு ஏழு வருடம் டியூஷன் சென்டரில் பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் கோபால் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்து, ஒரு கம்பெனி மூலம் அமெரிக்கா வந்து சேர்ந்தார். எட்டு வயதில் வித்யாவும் வந்தாள். கணிதம் என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முகம், கடன்காரனைக் கண்டதுபோல ஆகிவிடும்.

"கணக்குப் படிச்சவன் என்ன ஆவான் மாப்ள? கணக்கு வாத்தி ஆவான். கம்ப்யூட்டர் படிச்சவன் மனுசனாவான்" என்பார். அதோடு "நீ என்ன ஆனேன்னு கேக்க மாட்டேன், பயப்படாதே" என்பதையும் சேர்த்துக்கொள்வார்.

3

வித்யாவைக் காலையில் கல்லூரியில் இறக்கிவிட்டு நான் பங்குக்குப் போவேன். பழைய கார், ஹீட்டர் வேலை செய்யாது. அவள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு மடியில் காகிதத்தை வைத்து எழுதியபடியே வருவாள். அவள் பேச்சு முக்கால்வாசி இங்கிலீஷ். இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்கு எரிச்சல் குறையும். அவளுக்கும் கொஞ்சம் மரியாதை கூடும்.

"ரெண்டையும் எதுக்கும்மா படிக்கறே? ஒண்ணு பத்தாதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ப்ரோக்ராம் ஓடினா போதும் கம்ப்யூட்டர் ஆளுங்களுக்கு. ஏன் ஓடுது, எப்பவுமே ஓடுமா, எங்க உடையும்னு கேக்கறது மேத்ஸ். ஒண்ணை மட்டும் படிச்சா பாதிதான் தெரியும் மாமா."

"பாதி தெரிஞ்சவன் நல்லாத்தானே இருக்கேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஹீட்டரே இல்லாத காரை ஓட்டறீங்க" என்றாள்.

வார இறுதியில் யார் வீட்டிலாவது சாப்பாடு இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் எந்த அங்கிளாவது கேட்டுவிடுவார், "வித்யா, என்ன மேஜர் பண்றே?" அவள் வாயைத் திறப்பதற்கு முன் மச்சான், "கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்பார். அவள், "அண்ட் மேத்ஸ்" என்பாள். "அது சும்மா, கூட ஒண்ணு" என்பார் மச்சான். கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு என்பது போல.

அவர் பயத்திலும் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். குடும்பத்துக்கே கிரீன் கார்டு விண்ணப்பம் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். கார்டு வருவதற்குள் பெண்ணுக்கு இருபத்தொன்று ஆகிவிட்டால் அவள் பெயர் அப்பா விண்ணப்பத்திலிருந்து கழன்று போகும். பிறகு ஏதாவது கம்பெனிதான் அவளுக்கு விசா எடுத்துக் கொடுத்து இந்த நாட்டில் நிறுத்த வேண்டும். "கணக்குக்கு எந்தக் கம்பெனிடீ ஸ்பான்சர் பண்ணுவான்?" என்று கத்துவார். அவளுக்கு அப்போது இருபது நெருங்கிக்கொண்டிருந்தது.

4

அந்தப் பல்கலைக்கழகத்தில் பாடங்களில் சேர்வது டெலிபோனில்தான். மாணவர் எண்ணையும் ரகசிய எண்ணையும் அழுத்தினால் ஒரு இயந்திரப் பெண் குரல் கொடுப்பாள். பாடத்தின் எண்ணை அழுத்தினால் சேர்ப்பாள், வேறொரு பொத்தானை அழுத்தினால் நீக்குவாள். ஆள் யாரென்று கேட்க மாட்டாள். ரகசிய எண், மாற்றாதவரை, பிறந்த தேதிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காளும் வித்யாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். மச்சான் சாப்பாட்டு மேஜையில் காபியோடு உட்கார்ந்து போனில் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தார். கரன்ட் பில் கட்டுகிறார் என்று நினைத்தேன்.

போனை வைத்துவிட்டு, "முடிஞ்சுது மாப்ள. அட்மிஷன் போட்டாச்சு" என்றார்.

"யாருக்குங்க மச்சான்?"

"வித்யாவுக்குத்தான். என்னமோ மேத்ஸ் செமினாராம், வேலைக்காகாதது. தூக்கிட்டு டேட்டாபேஸ் போட்டுட்டேன். ஊர்ல அப்பன்தானே ஃபாரம் நெரப்பறான்? எந்தக் காலேஜ், எந்தக் குரூப்புன்னு எந்தப் புள்ளையாவது சொல்லிப் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. என்னையும் அப்படித்தான் பாலிடெக்னிக்கில் சேர்த்தார்கள். ஆனால் அந்தச் செமினார் என்னவென்று கார்ப் பயணங்களில் எனக்குத் தெரிந்திருந்தது. வருடத்துக்கு ஒரு முறை, விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களுக்கு மட்டும் ஒரு கிழப் பேராசிரியர் நடத்துவது. அதில் உட்காராமல் கடைசி வருட ஆய்வேடு கிடையாது. ஆய்வேடு இல்லையென்றால் ஆனர்ஸ் கிடையாது.

"அது இல்லைன்னா அவ ஆனர்ஸ் போயிருங்க மச்சான்."

"உனக்கு இதெல்லாம் யாருடா சொன்னது?" என்று சிரித்தார். "பெட்ரோல் போடற வேலைய மட்டும் பாரு." அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் படுக்கிறவன், அதை மட்டும் பார்த்தேன், வித்யாவிடம் சொல்லவில்லை.

5

வகுப்பு தொடங்கிய முதல் நாள் வித்யா பங்குக்கே வந்துவிட்டாள். பனியில் நடந்தே வந்திருந்தாள். பேராசிரியர் பெயர் வாசித்தபோது அவள் பெயர் இல்லை. நீயாகத்தான் விலகிக்கொண்டாய், உன் இடத்துக்கு வேறொரு பையன் வந்துவிட்டான் என்று சொல்லியிருக்கிறார்.

"அப்பாதானே?" என்றாள். நான் ஒரு காருக்கு நாஸிலைச் செருகிக்கொண்டிருந்தேன். பம்பின் மீட்டரையே பார்த்தேன். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

மாலையில் வீட்டில் மச்சான் மறைக்கவே இல்லை. "ஆமா, நான்தான். ஃபீஸ் கட்டறவன் நான்."

வித்யா அழவில்லை. டீன் அலுவலகத்தில் விசாரித்துவிட்டே வந்திருந்தாள். மாணவர் செய்யாமல் வேறு ஆள் பெயரை நீக்கியிருந்தால் இடத்தைத் திருப்பிக் கொடுப்பார்களாம். ஆனால் யார் செய்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் ரகசிய எண்ணைப் பயன்படுத்துவது குற்றம்.

"எழுதப்போறேன்" என்றாள்.

மச்சான் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை அன்றுதான் பார்த்தேன். "ரெக்கார்டுல எம் பேரு வருமா?"

"வரும்."

"அது அப்படியே இமிக்ரேஷனுக்குப் போயிரும்டீ! எல்லாக் கம்ப்யூட்டரும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். நானே அதுல வேலை செய்யறவன், எனக்குத் தெரியாதா?"

அப்படியெல்லாம் போகாது என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் நம்மவர்கள் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் காலத்தில் டிராஃபிக் போலீஸைப் பார்த்தாலே வேட்டி நனைகிறவர்கள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால்கூட ஃபைலில் ஏறிவிடும் என்று நம்புவார்கள். அக்காள் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பெத்த அப்பனைக் காட்டிக் குடுப்பியாடி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். வித்யா திரும்பத் திரும்ப, "எஸ்" என்றாள்.

6

அக்காள் பேஸ்மென்ட்டுக்கு இறங்கி வந்தாள். அவள் அங்கே வருவதே துணி துவைக்கத்தான். அன்று கையில் துணி இல்லை.

"ராசு, நீ பண்ணினேன்னு சொல்லிருடா."

நான் நகர்ந்து அவளுக்கு உட்கார இடம் விட்டேன்.

"படிக்காதவன், தெரியாம பொத்தானை அமுத்திட்டேன்னு சொன்னா அவங்களும் விட்டுருவாங்க. உனக்குத்தான் விசாப் பேப்பரே இல்லியே சாமி, கெடறதுக்கு என்ன இருக்கு?"

"பேப்பர் இல்லாதவன் ஆபீசுக்குள்ள போலாமாக்கா?"

"அவங்க என்ன பாஸ்போர்ட்டா கேக்கப் போறாங்க?" என்றாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவளுக்குக் காது குத்தினப்ப நீ பம்பாய்ல இருந்தே. சீருக்கு வந்தியா? வயசுக்கு வந்தப்ப கப்பல்ல இருந்தே. பச்சை ஓலைக் குடிசை கட்ட ஆளில்லாம, யாரோ அங்கிளைத் தாய்மாமன்னு நிக்க வெச்சேன். அவர் தெலுங்குக்காரரு. ஒரு பட்டுத் துணி, ஒரு தேங்காய் நீ வெச்சதில்லை. இதைச் சீருன்னு நெனச்சு வெச்சுரு."

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. தாய்மாமன் சீர் வைக்காத பெண்ணுக்கு ஊரில் ஒரு குறை உண்டு. அந்தக் குறை மாமனை விடாது. திருட்டுப் பட்டம்கூடத் தேய்ந்து போகும், இது போகாது. அக்காளுக்கு எங்கே அடித்தால் விழுவேன் என்று தெரிந்திருந்தது. "சரி" என்றேன்.

மேலே போய் வித்யாவிடம் சொன்னாள். பெண் குதிப்பாள், மாமாவை ஏன் இழுக்கிறீர்கள் என்பாள் என்று எதிர்பார்த்துப் படியில் நின்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"தட் வொர்க்ஸ்" என்றாள்.

7

டீன் அலுவலகத்துக்குப் போகும் வழியில் எனக்குப் பாடம் எடுத்தாள். "நல்ல இங்கிலீஷ் பேசாதீங்க. கொஞ்சமா சொல்லுங்க. எவ்வளவு கம்மியாச் சொல்றமோ அவ்வளவு கம்மியா ஓட்டை இருக்கும்." ஒரே கணக்குப் பாடம் இரண்டு தடவை இருக்கிறது என்று நினைத்து ஒன்றை எடுத்துவிட்டேன். இதுதான் கதை. மிச்சத்தை அவள் மொழிபெயர்ப்பாள்.

டீன் வெள்ளைக்கார அம்மாள். நல்ல மாதிரி. மேஜையில் பெப்பர்மின்ட் கிண்ணம் இருந்தது. எனக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளச் சைகை காட்டினார். வித்யா கதையைச் சொன்னாள். நான் தலையைத் தொங்கப் போட்டேன். பெட்ரோல் நாற்றம் சட்டையிலிருந்து வந்துகொண்டிருந்ததால் மீதியை அது பார்த்துக்கொண்டது.

அம்மாள் திடீரென்று என்னைப் பார்த்து, மெதுவாக, செவிடனிடம் பேசுவதுபோல் கேட்டார், சரி, ஒன்றை எடுத்தீர்கள், டேட்டாபேஸை ஏன் சேர்த்தீர்கள்?

வித்யா அதற்கு என்னைத் தயார் செய்திருக்கவில்லை.

"ஜாப், மேடம்," என்றேன். "டேட்டாபேஸ், ஜாப்."

அம்மாள் சிரித்துவிட்டார். நம்பிவிட்டார். ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார். வித்யாவுக்குச் செமினாரில் இடம் திரும்பக் கிடைத்தது. எழுந்துவிடலாம் என்று நான் நாற்காலியை நகர்த்தினேன். அம்மாள் குரலைத் தாழ்த்தி வித்யாவிடம் கேட்டார், இவர் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாரா? உன் அறைக்குள் வருவாரா? உன் பொருட்களைத் தொடுவாரா?

இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"என் பொருட்களையெல்லாம் கிளறுவார்," என்றாள் இங்கிலீஷில். "வீட்டில் பயமாக இருக்கிறது. படிக்க முடியவில்லை. எனக்கு வேறு போக்கிடமும் இல்லை."

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாகப் புரியாது என்பது ஏற்பாடு. அதனால் புரியாதவனாகவே பெப்பர்மின்டைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாள் என்னைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு யாருக்கோ போன் செய்தார். அன்றே வித்யாவுக்குக் கல்லூரி விடுதியில், செலவில்லாமல், ஒரு அறை ஏற்பாடாயிற்று. இனி நான் கல்லூரி எல்லைக்குள் வரக்கூடாது என்பதையும் என்னிடம் சொல்லச் சொன்னார். வித்யா அதைத் தமிழில் சொன்னாள். அவள் முழுக்கத் தமிழிலேயே சொன்ன ஒன்றிரண்டு வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

காரில் ஏறிக் கம்பளியைச் சுற்றிக்கொண்டாள். பிறகு, "கோவமா மாமா?" என்றாள்.

"ரூம் கெடச்சுதா?"

"கெடச்சுது. வீட்ல இருந்தா அடுத்த செமஸ்டரும் அப்பா ஏதாவது பண்ணுவாரு. வெளிய போக எனக்கு வேற வழி இல்ல. அவங்களே கேட்டாங்க, நான் யூஸ் பண்ணிக்கிட்டேன்."

"பயமா இருக்குன்னியே."

"பயம் நெஜம்தான். ஆள்தான் வேற." ரேடியோவைப் போட்டாள். "நீங்க சூப்பரா பண்ணினீங்க. டேட்டாபேஸ், ஜாப். நானே நம்பிட்டேன்."

8

அடுத்த வாரம் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு ஒரு போன். எடுத்தவர் மச்சான். அந்த மாமா இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாரா என்று விசாரித்திருக்கிறார்கள்.

பேஸ்மென்ட் படியில் நின்றுகொண்டே சொன்னார்: "மாப்ள, நீ கெளம்பிரு. நாளைக்கு எவனாவது வந்து உன் பேப்பரைக் கேட்டா எங்க கிரீன் கார்டு அம்போ."

"நீங்க பண்ணினதுக்குத்தானுங்க மச்சான் நான் போய் உக்காந்தேன்."

"யார் பண்ணினதுன்னு யாருக்குத் தெரியும்? கையெழுத்துப் போட்டது நீதானே?"

அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்காள் பருப்புப் பொடி கட்டிக் கொடுத்தாள். பங்கு முதலாளிக்கு டாலஸ் பக்கம் மோட்டல் நடத்தும் ஒரு குஜராத்தி நண்பர். இரண்டு நாள் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து சேர்ந்தேன். எனக்கு இடம் மாறுவது புதிதில்லை. எப்போதும் நானாகக் கிளம்புவேன், இந்த முறை கிளப்பிவிட்டார்கள். மற்றபடி பஸ் ஒரே மாதிரிதான் போகிறது.

9

பிறகு நடந்தவை: அக்காளுக்கும் மச்சானுக்கும் கிரீன் கார்டு வந்தது. வித்யாவுக்கு அதற்குள் இருபத்தொன்று முடிந்துவிட்டதால் அவளுக்கு வரவில்லை. இந்த வருடம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் கூட்டம் கூட்டமாக ஆட்களை வேலையை விட்டு அனுப்பியபோது மச்சானையும் அனுப்பிவிட்டார்கள். வித்யாவுக்கு வேலை தருவதாகச் சொன்ன டேட்டாபேஸ் கம்பெனி அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அவளைக் காப்பாற்றியது கணக்கு. சம்பளத்தோடு பிஎச்.டி. இடம் கிடைத்திருக்கிறது. அதுவும் டெக்சாஸில், என் மோட்டலிலிருந்து தெற்கே மூன்று மணி நேர ஓட்டத்தில்.

பட்டமளிப்பு அன்று மாலை ஹால் பிடித்து விருந்து வைத்தார்கள். விருந்து முடிகிற நேரத்தில் அக்காள் போன் செய்தாள். பின்னணியில் ஒரே இரைச்சல்.

"உங்க மச்சான் மைக்குல பேசினாருடா. 'எல்லாரும் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்னு ஓடினப்ப, கணக்கை விடாதே சாமின்னு சொன்னவன் நான். நடுவுல ஒரு தற்குறி மச்சினன் பொத்தானை அமுத்திக் கெடுக்கப் பாத்தான்'னு. ஒரே சிரிப்பு."

"நீ ஒண்ணும் சொல்லலியாக்கா?"

"நாலு பேரு சிரிக்கறப்ப என்னத்தடா சொல்றது? நானும் சிரிச்சேன். இரு, வித்யாகிட்டக் குடுக்கறேன்."

வித்யாவுக்கு வாழ்த்துச் சொன்னேன். தேங்க்ஸ் என்றாள். ஆய்வேடு எதைப் பற்றி என்று கேட்டேன். உற்சாகமாக இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, "விடுங்க, உங்களுக்கு அது போர்" என்றாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "மாமா, அங்க எனக்கு யாரும் சொந்தம் இல்லன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். நான் இப்ப ஸ்டூடன்ட் விசா. உங்களுக்குப் பேப்பர் இல்ல. அதனால வந்து பாக்கறது, போன் பண்றது எல்லாம் வேண்டாம். ஓகே?"

"சரிம்மா."

"யூ அண்டர்ஸ்டாண்ட், ரைட்?"

"புரியுதும்மா."

போன் மறுபடி அக்காள் கைக்குப் போனது. ஆகஸ்டில் வித்யாவைக் காரிலேயே கொண்டுவந்து விடுகிறார்களாம். கூட இன்னொரு குடும்பமும் வருகிறது. டாலஸில் ஒரு ராத்திரி தங்க வேண்டும்.

"உங்க மோட்டல் சுத்தமா இருக்குமாடா?"

"நான்தான் கழுவறேன்."

"அப்ப அங்கயே தங்கிக்கறோம். ஆனா கூட வர்றவங்களுக்கு அந்தப் பொத்தான் கதை தெரியும். நீதான் அதுன்னு தெரிஞ்சா அசிங்கம். எங்களைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காம ரூம் குடுத்துருவியா?"

குடுத்துருவேன் என்றேன். வித்யாவுக்குச் சத்தம் இருந்தால் தூக்கம் வராது, அதனால் ஃப்ரீவே இரைச்சல் எட்டாத பின்பக்கத்து அறைகள் இரண்டை இப்போதே பார்த்து வைத்திருக்கிறேன். அன்றைக்குக் கவுன்டரிலும் நான்தான் இருப்பேன். மச்சான் உள்ளே நுழைந்ததும், "வெல்கம் சார், டெக்சாஸுக்கு முதல் தடவையா?" என்று கேட்க வேண்டும்.